எட்டாவது கேள்வியை ஏன் தூக்குனீங்க? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதில்ல போற போக்குல "நான் பிஹெச்டி பண்ணது குவான்டிடேட்டிவ் சைக்காலஜில"ன்னு ஒரு வரி எழுதிட்டேன், அதுக்கு வந்த கடுதாசியும் மெயிலும் பாத்தா இந்த மாசம் பூரா அதுக்கே சரியாப் போயிடும் போல. ரொம்ப சந்தோஷம், ஏன்னா நான் இந்தப் படிப்பைத் தேடி அலைஞ்சப்போ தமிழ்ல கேக்கறதுக்கு ஒரு ஆள் கெடைக்கல. இது என்ன படிப்புன்னே தெரியலன்னு எழுதுனவங்களுக்கு மட்டும் சுருக்கமா சொல்லிடறேன். புத்திசாலித்தனம், மனஅழுத்தம், தன்னம்பிக்கை இதையெல்லாம் கண்ணால பாக்க முடியாது, இஞ்சு டேப் வெச்சு அளக்கவும் முடியாது, ஆனாலும் கேள்வித்தாள் குடுத்து, டெஸ்ட் வெச்சு அளந்துக்கிட்டுதான் இருக்கோம். அப்படி அளக்கறது சரியா இருக்கான்னு கணக்குப் போட்டுப் பாக்கறதும், அதுக்குப் புதுசா கணக்குமுறை கண்டுபிடிக்கறதும்தான் இந்தப் படிப்பு. கவுன்சிலிங் குடுக்கற படிப்பு இல்ல.

அக்கா, நான் எம்எஸ்சி சைக்காலஜி கடைசி வருஷம். எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்தான் ரொம்பப் புடிக்கும், கிளாஸ்ல எல்லாரும் என்னை அதிசயமா பாப்பாங்க. அமெரிக்கால இந்தக் கோர்சுக்கு அப்ளை பண்ண ஆசை, ஆனா ரிசர்ச் எக்ஸ்பீரியன்ஸ்னு சொல்லிக்க ஒன்னுமே இல்ல. தீசிஸ்ல பொண்ணுங்களோட தன்மதிப்பை அளக்க ரோசன்பர்க் ஸ்கேலைத் தமிழ்ல மாத்தி 212 பேர்கிட்ட குடுத்தேன், அதுவும் சரியா வரல, ஆல்ஃபா (கேள்வியெல்லாம் ஒன்னோட ஒன்னு எவ்ளோ ஒத்துப் போகுதுன்னு காட்டற எண்) 0.58தான் வந்துச்சு. கைடு சொன்னாங்கன்னு மூணு கேள்வியைத் தூக்குனேன், 0.71 ஆயிடுச்சு, அப்படியே எழுதிக் குடுத்துட்டேன். மேத்ஸ் ப்ளஸ் டூவோட சரி. எனக்கெல்லாம் சீட் கெடைக்குமா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

கண்ணு, ஒன்னுமே இல்லன்னு எழுதிட்டு அடுத்த வரியிலயே இவ்ளோ பெரிய விஷயத்தைச் சொல்லிட்டுப் போயிட்டியே! நான் உங்கிட்ட கேக்கறது ஒன்னே ஒன்னு, அந்த மூணு கேள்வியும் ஏன் ஒத்து வரல?

மொதல்ல வீட்டுல உக்காந்து டேட்டாவைத் தொறந்து ரிவர்ஸ் ஸ்கோரிங் ஒழுங்கா பண்ணிருக்கியான்னு பாரு. ரோசன்பர்க் ஸ்கேல் 1965ல வந்தது, மொத்தம் 10 கேள்வி, அதுல அஞ்சு நேரா கேக்கும், அஞ்சு தலைகீழா கேக்கும், அந்த அஞ்சுக்கும் மார்க்கைத் திருப்பிப் போடணும், ஒன்னு ரெண்டை விட்டுட்டாலே ஆல்ஃபா சரிஞ்சுடும். அது சரியா இருந்தா, நீ தூக்குனதுல எட்டாவது கேள்வி இருக்கான்னு பாரு. இருக்கும்னு கிட்டத்தட்ட அடிச்சே சொல்லுவேன். "என் மேல எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்தா நல்லா இருக்கும்"ங்கற மாதிரி வர்ற கேள்வி அது. அமெரிக்கால இதுக்கு ஆமான்னு சொன்னா தன்மதிப்பு கொறச்சல்னு கணக்கு. நம்ம ஊர்ல பதினாலு வயசுப் பொண்ணுகிட்ட இதைக் கேட்டா அவ என்ன நெனைப்பா? "ஆமா, நான் இன்னும் நல்லா வரணும்"னு நெனைச்சு ஆமான்னு டிக் பண்ணுவா, அது அவ முன்னேறணும்னு ஆசைப்படறதுக்கு அடையாளம், தன்னை மட்டமா நெனைக்கறதுக்கு இல்ல. சீன மொழிபெயர்ப்புலயும் இதே எட்டாவது கேள்வி இதே மாதிரி தகராறு பண்ணுதுன்னு ஆராய்ச்சிக் கட்டுரைங்க இருக்கு. அப்ப தப்பு உன் தீசிஸ்ல இல்ல, அந்தக் கேள்வி ஊர் மாறும்போது வேற எதையோ அளக்குது. இதைக் கண்டுபிடிக்கறதுக்குன்னே எங்க துறையில மெஷர்மென்ட் இன்வேரியன்ஸ், டிஃபரென்ஷியல் ஐட்டம் ஃபங்ஷனிங்னு ரெண்டு பெரிய பகுதி இருக்கு, அதுல ஆயுசு பூரா வேலை பாத்தவங்க இருக்காங்க.

இன்னொன்னு, தலைகீழ்க் கேள்வியையா பாத்துத் தூக்குனா ஆல்ஃபா ஏறும்தான். ஆனா எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு டிக் அடிக்கற பழக்கம் இருக்கே, மிச்சமிருக்கற கேள்வியெல்லாம் ஒரே திசையில இருந்தா அந்தப் பழக்கமும் ஆல்ஃபாவுக்குள்ள சேந்து ஏறிக்கும். கிரான்பாக்ங்கற ஆராய்ச்சியாளர் 1951ல ஆல்ஃபா பத்தி சைக்கோமெட்ரிக்கா ஜர்னல்ல எழுதுனதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் அதை எப்படிப் புரிஞ்சுக்கணும்னு சண்டை ஓயல, அதனால கைடு சொன்னதைச் செஞ்சோமேன்னு மனசு ஒடைஞ்சுடாத, ஊரே அப்படித்தான் செய்யுது.

இப்ப டிசம்பர்ல அப்ளிகேஷன் முடியறதுக்குள்ள நீ பண்ண வேண்டியது. ஆர் (R)ங்கற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேரை எறக்கு, காசு கெடையாது, அதுல லாவான் (lavaan)னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அதுவும் காசு இல்ல. உன் 212 பேர் டேட்டால பத்துக் கேள்வியையும் திரும்ப உள்ள போட்டு, எல்லாம் ஒரே விஷயத்தை அளக்குதுன்னு ஒரு மாடல், தலைகீழ்க் கேள்விங்களுக்குத் தனியா ஒரு ஃபேக்டர் (அதுங்களுக்குப் பின்னாடி இருக்கற பொதுவான காரணி) வெச்சு இன்னொரு மாடல், ரெண்டையும் ஓட்டி எது டேட்டாவுக்குப் பொருந்துதுன்னு பாரு. மொத தடவை எர்ரர் வரும், ரெண்டாவது தடவையும் வரும், விட்டுடாத. முடிஞ்சா அதே மாதிரிப் பொண்ணுங்க அஞ்சு பேரை உக்கார வெச்சு எட்டாவது கேள்வியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அவங்க என்ன புரிஞ்சுக்கிட்டாங்கன்னு கேட்டு எழுது. இவ்ளோ பண்ணிட்டேன்னா ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்ல (ஏன் இந்தப் படிப்புக்கு வர்றேன்னு அப்ளிகேஷனோட எழுதற கட்டுரை) எழுத வேண்டியது உங்கிட்டயே இருக்கு.

மேத்ஸ் விஷயத்துல மட்டும் பொய் சொல்ல மாட்டேன், ப்ளஸ் டூ கணக்கு பத்தாது. கால்குலஸ், லீனியர் ஆல்ஜிப்ரா, ப்ராபபிலிட்டி மூணும் வேணும், அதுலயும் மேட்ரிக்ஸ் கை வரலன்னா மொத செமஸ்டர்லயே திணறிடுவ. என்பிடெல்ங்கற ஆன்லைன் தளத்துல ஐஐடி வாத்தியாருங்க எடுக்கறது ஃப்ரீ, பரீட்சை எழுதுனா சர்ட்டிஃபிகேட் தர்றாங்க, டிரான்ஸ்கிரிப்ட்ல, அதாவது மார்க் பட்டியல்ல, கணக்கு இல்லாத உன்னை மாதிரிப் புள்ளைங்களுக்கு அந்தச் சர்ட்டிஃபிகேட் ரொம்ப உதவும். எம்ஐடியோட ஓப்பன் கோர்ஸ்வேர்ல கில்பர்ட் ஸ்ட்ராங் எடுத்த லீனியர் ஆல்ஜிப்ரா கிளாஸ் இருக்கு, ராத்திரி சாப்ட்டு முடிச்சுட்டு தெனம் ஒன்னு பாரு.

அக்கா, நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சுட்டு நாலு வருஷமா ஐடி கம்பெனில டேட்டா அனலிஸ்ட். சைக்காலஜி ஒரு பேப்பர் கூடப் படிச்சதில்ல. கணக்கு நல்லா வரும். என்னையெல்லாம் சேத்துப்பாங்களா? – ஒரு வாசகர், சென்னை

சேத்துப்பாங்க தம்பி. இந்தத் துறையை நிறுவுனவர்கள்ல முக்கியமானவர் தர்ஸ்டன், அவரே மொதல்ல எலக்ட்ரிகல் இன்ஜினியர்தான். கணக்கு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இன்ஜினியரிங் படிச்சுட்டு வர்றவங்களை நெறைய புரோகிராம்ல ஆசையாவே எடுக்கறாங்க. ஆனா அவங்க உங்ககிட்ட கேக்கப்போறது ஒன்னு இருக்கு: கணக்குதான் வேணும்னா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டிபார்ட்மென்ட்டுக்குப் போகலாமே, சைக்காலஜிக்கு ஏன் வர்றீங்க? இதுக்குப் பதில் இல்லாம அப்ளை பண்ணாதீங்க.

நீங்க ஜேஇஇ மெயின் எழுதுனவரா இருந்தா பதிலுக்கு ரொம்ப தூரம் போக வேணாம். அந்தப் பரீட்சை பல ஷிஃப்ட்ல நடக்குது, ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் கேள்வித்தாள் வேற, காலையில எழுதுனவனுக்கு ஃபிசிக்ஸ் கஷ்டம், மதியம் எழுதுனவனுக்கு ஈசி, ரெண்டு பேரையும் ஒரே ரேங்க் லிஸ்ட்ல எப்படிக் கொண்டு வர்றது? 2019லேர்ந்து அந்தப் பரீட்சையை நடத்தற என்டிஏ அந்தந்த ஷிஃப்ட்டுக்குள்ளயே பர்சன்டைல் போட்டு அதை ஒன்னா சேக்கறாங்க. அப்படிச் சேத்தா, எல்லா ஷிஃப்ட்லயும் ஒரே தெறமை உள்ள கூட்டம்தான் உக்காந்திருந்ததுன்னு நாம நம்பிக்கிட்டதா அர்த்தம். அது எந்த அளவுக்கு உண்மை? வேற வழி என்ன? ரெண்டு கேள்வித்தாள்லயும் பொதுவா கொஞ்சம் கேள்வி வெச்சு, அதைப் பாலமா வெச்சு மார்க்கை ஒப்பிடற முறை இருக்கு, அதுக்குப் பேரு ஈக்வேட்டிங். பொதுக் கேள்வி வெச்சா அது வெளிய கசிஞ்சுடும்கற பயமும் இருக்கு, அதுக்கும் கணக்கு இருக்கு. லட்சக்கணக்கான புள்ளைங்களோட வாழ்க்கை இந்தக் கணக்கு மேல நிக்குது தம்பி, அதை நெனைச்சா எனக்கு இன்னிக்கும் மனசு பதறும், நான் இந்தத் துறைக்குள்ள வந்ததே அதனாலதான்.

இந்த ஈக்வேட்டிங், ஐட்டம் ரெஸ்பான்ஸ் தியரி (ஒவ்வொரு கேள்வியும் எவ்ளோ கஷ்டம்னு கணக்குல எடுத்து தெறமையை அளக்கற முறை) பக்கம் உங்களுக்கு மனசு போச்சுன்னா சைக்காலஜி டிபார்ட்மென்ட்டை மட்டும் பாத்துட்டு நிறுத்திடாதீங்க, இது பாதிப்பேருக்குத் தெரியறதே இல்ல. எஜுகேஷன் காலேஜுக்குள்ளயும் இதே படிப்பு வேற பேர்ல இருக்கு, எஜுகேஷனல் மெஷர்மென்ட்னு தேடுங்க. மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட், அயோவா, மேரிலாண்ட் மூணும் அந்த வழியில பழைய பேரு வாங்குன எடம். சைக்காலஜி பக்கம்னா நார்த் கரோலினா சேப்பல் ஹில் (தர்ஸ்டன் சிகாகோலேர்ந்து 1952ல அங்க போய் ஆரம்பிச்ச சைக்கோமெட்ரிக் லேப் இன்னும் அவர் பேர்லயே ஓடுது), யூசிஎல்ஏ, இல்லினாய் அர்பானா, ஒஹாயோ ஸ்டேட், நோட்டர் டேம், வாண்டர்பில்ட், அரிசோனா ஸ்டேட். கனடால மெக்கில்லும் யார்க்கும். அமெரிக்கா ஒத்து வரலன்னா நெதர்லாண்ட்ஸ் பக்கம் ஆம்ஸ்டர்டாம்ல டென்னி போர்ஸ்பூம் கூட்டம், மனநோயை உள்ள ஒளிஞ்சிருக்கற ஒரே காரணமா பாக்காம, அறிகுறிகள் ஒன்னை ஒன்னு இழுத்துக்கிட்டுப் போற வலை மாதிரிப் பாக்கற ஆராய்ச்சி பண்றாங்க, படிச்சுப் பாருங்க, புடிச்சுப் போயிடும்.

மேடம், எம்பொண்ணு இந்தப் படிப்புக்கு அமெரிக்கா போகணும்னு ஒத்தக்கால்ல நிக்குறா. நான் ரிட்டயர்டு கூட்டுறவு பேங்க் ஊழியர். எத்தனை லட்சம் ஆகும்? படிச்சா வேலை இருக்கா? – ஒரு வாசகர், திருநெல்வேலி

ஐயா, நேரடியா சொல்றேன். பிஹெச்டிக்கு எடுத்தாங்கன்னா பெரும்பாலும் ஃபீஸ் தள்ளுபடி, மாசாமாசம் உதவித்தொகை, அதுக்குப் பதிலா பாடம் எடுக்க உதவணும் இல்ல ஆராய்ச்சி வேலை பாக்கணும். வீட்டை அடமானம் வெக்க வேண்டிய படிப்பு இல்ல. மாஸ்டர்ஸ் மட்டும்னா கதை வேற, அது பெரும்பாலும் கைக்காசு. பொண்ணு எந்த அட்மிஷன் லெட்டரைக் காட்டுனாலும் அதுல டியூஷன் வேவர் (ஃபீஸ் தள்ளுபடி), ஸ்டைபெண்ட் (உதவித்தொகை), எத்தனை வருஷத்துக்கு உத்தரவாதம்ங்கற மூணும் எழுத்துல இருக்கான்னு நீங்களே உக்காந்து படிங்க, பேங்க்ல லோன் பேப்பர் படிச்ச கண்ணு உங்களுது. அப்ளிகேஷனுக்கு மட்டும் ஒவ்வொரு யூனிவர்சிட்டிக்கும் நூறு டாலர் முன்னப் பின்ன ஆகும், எட்டு எடம் போட்டா அதுவே பெரிய தொகை, அதனால ஃபீ வேவர் உண்டான்னு மெயில் போட்டுக் கேக்கச் சொல்லுங்க, சில எடத்துல குடுப்பாங்க.

வேலை இருக்கு. பரீட்சை நடத்தற நிறுவனங்கள், டாக்டர் நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை போர்டுங்க, நோயாளிகளோட வலி, களைப்பைக் கேள்வித்தாளால அளக்கற மருந்து ஆராய்ச்சி, யூனிவர்சிட்டி, டெக் கம்பெனி. காலேஜ் சேர எழுதற எஸ்ஏடி பரீட்சை 2024லேர்ந்து அமெரிக்காவுலயும் கம்ப்யூட்டருக்கு மாறிடுச்சு, மொதப் பாதில எப்படி எழுதுறாங்கங்கறதைப் பொறுத்து ரெண்டாம் பாதி ஈசியாவோ கஷ்டமாவோ வரும், அந்தக் கணக்குக்குப் பின்னாடி இருக்கறது எங்க ஆளுங்கதான். விசா விஷயத்துல ஒன்னு: விசாவுக்காக யூனிவர்சிட்டி குடுக்கற ஐ-20 பேப்பர்ல போடற படிப்புக் கோட் 42.2708ன்னு இருந்தா அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணக்கு) பட்டியல்ல வரும், படிச்சு முடிச்சப்பறம் வேலை பாக்கக் கெடைக்கற ஒரு வருஷத்தோட இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கக் கேக்கலாம். சாதாரண சைக்காலஜி கோட் போட்டுட்டா அந்தச் சலுகைக்கு வழியில்லாமப் போயிடலாம், அதனால சேர்றதுக்கு முன்னாடியே கேக்கச் சொல்லுங்க. அந்த ஊர் விதியெல்லாம் அடிக்கடி மாறுது, சேர்ற வருஷத்து நெலமையைப் பாத்துக்கிட்டு முடிவெடுங்க.

ஜிஆர்இ கட்டாயமா அக்கா? – ஒரு வாசகி, வேலூர்

அது அமெரிக்க மேல்படிப்புக்கான நுழைவுப் பரீட்சை, கொரோனாவுக்கப்பறம் நெறைய எடத்துல அதை நீக்கிட்டாங்க, சில எடத்துல விருப்பம்னு வெச்சிருக்காங்க. உங்க டிரான்ஸ்கிரிப்ட்ல கணக்குப் பேப்பர் கம்மியா இருந்தா எழுதுங்க, அதோட கணக்குப் பகுதியான குவான்ட்ல 165க்கு மேல வந்தா கை குடுக்கும். கணக்குலயே டிகிரி வெச்சிருந்தா அந்தக் காசை இன்னொரு அப்ளிகேஷனுக்குப் போடுங்க.

புரொஃபசர்களுக்கு மெயில் போட்டா ஒருத்தரும் பதில் போட மாட்டேங்கறாங்க. முப்பது பேருக்கு அனுப்பிட்டேன். – ஒரு வாசகர், சேலம்

நீங்க எனக்கு அனுப்புன மாதிரியைப் பாத்தேன் தம்பி. "மதிப்பிற்குரிய சார், தங்களின் மகத்தான ஆராய்ச்சியால் ஈர்க்கப்பட்டேன், தங்கள் ஆய்வகத்தில் ஒரு வாய்ப்பு"ன்னு இங்கிலீஷ்ல ஒரு பக்கம் போகுது. முப்பது பேருக்கும் ஒரே மெயில்ங்கறது மொத வரியிலயே தெரிஞ்சுடுது. முப்பது வேணாம், ஆறு பேர் போதும். ஒவ்வொருத்தரோட கட்டுரையும் ரெண்டு எடுத்து, புரியாட்டியும் பரவால்ல, மொத்தமா படிச்சுட்டு அஞ்சு வரி எழுதுங்க. இப்படி: "மிஸ்ஸிங் டேட்டா பத்தின உங்க கட்டுரையில பாதியில விட்டுட்டுப் போனவங்களைப் பத்தி ஒரு அனுமானம் வெச்சிருக்கீங்க. நான் வேலை பாத்த ஒரு கிராமத்து சர்வேல அறுவடை மாசத்துல மட்டும் ஆளுங்க விட்டுட்டுப் போனாங்க. அங்க அந்த அனுமானம் நிக்குமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். வர்ற வருஷம் நீங்க ஸ்டூடண்ட் எடுக்கறீங்களா?" அவ்ளோதான். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம், ஏன்னா நெறைய எடத்துல உங்களை எடுக்கறது யூனிவர்சிட்டி இல்ல, அந்த ஒரு ஆளுதான், அவரு அந்த வருஷம் யாரையும் எடுக்கலன்னா நீங்க எவ்ளோ கெட்டிக்காரரா இருந்தாலும் சீட் இல்ல. 2025ல அமெரிக்க அரசு ஆராய்ச்சிக் காசை வெட்டுனதுல சில யூனிவர்சிட்டிங்க பிஹெச்டி எண்ணிக்கையையே கொறைச்சுட்டாங்க, அதனால இதை அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி கேட்டுடணும்.

இதோட சிபாரிசுக் கடிதம் பத்தியும் சொல்லிடறேன், மூணு வேணும். நம்ம வாத்தியாருங்க பாசத்துல "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், பணிவானவர்"னு எழுதுவாங்க, படிக்கறவங்களுக்கு அதுல ஒன்னும் கெடைக்காது. நீங்க என்ன டேட்டா எடுத்தீங்க, எங்க மாட்டுனீங்க, எப்படி வெளிய வந்தீங்கன்னு ஒரு பக்கம் எழுதி அவங்க கையில குடுங்க, அக்டோபர்லயே குடுங்க. டிசம்பர் மொத வாரம் கடைசி நாள்னா நவம்பர் கடைசில போய் நின்னா அவங்களுக்கும் கஷ்டம்.

போன வருஷம் எட்டு எடம் போட்டேன், எட்டும் ரிஜெக்ட். திரும்பப் போடலாமா விட்டுடலாமான்னு தெரியல. வீட்டுல கல்யாணப் பேச்சு வேற. – ஒரு வாசகி, தஞ்சாவூர்

தங்கச்சி, உங்க கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன். நானும் மொத வருஷம் ஒன்பது எடம் போட்டு ஒன்பதும் இல்லன்னு வந்தவதான். பிப்ரவரி, மார்ச் முழுக்க தெனம் காலையில மெயிலைத் தொறக்கவே பயமா இருக்கும், அம்மா மூஞ்சியைப் பாக்க முடியாது.

அந்த ஒன்பதுல ஒரு புரொஃபசர் மட்டும், நான் கேட்டதுக்கு மதிச்சு ஒரு பதில் போட்டாரு. உங்க ஸ்டேட்மென்ட்டை எடுத்து எந்த சைக்காலஜி புரோகிராமுக்கும் அனுப்பலாம், எங்களுக்குன்னு அதுல ஒன்னும் இல்லங்கற மாதிரி எழுதியிருந்தாரு. எடுத்துப் படிச்சேன், சின்ன வயசுலேர்ந்தே மத்தவங்களுக்கு உதவணும்னு ஆசைன்னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கம், அதுல எதை அளக்கறேன், எது எனக்குப் புரியாம உறுத்துதுன்னு ஒரு வரி கூட இல்ல. அடுத்த வருஷம் மொத பாராவையே மாத்துனேன், ஒரு பள்ளிக்கூடத்துல ஒரே டெஸ்ட்டைத் தமிழ் மீடியம் புள்ளைங்களும் இங்கிலீஷ் மீடியம் புள்ளைங்களும் எழுதுனப்போ, மொத்த மார்க் ஒன்னா இருந்தும் ஒரு கேள்வி மட்டும் தமிழ் மீடியத்துக்கு விடாப்பிடியா கஷ்டமா இருந்ததைப் பாத்தேன், கடைசில பாத்தா மொழிபெயர்ப்புல ஒரு வார்த்தை யாருக்கும் புரியாத தமிழ்ல இருந்துச்சு. அதுலேர்ந்து ஆரம்பிச்சேன். அந்த வருஷம் ஆறு எடம்தான் போட்டேன், ரெண்டு எடத்துல இன்டர்வியூ கூப்ட்டாங்க.

அதனால திரும்பப் போடுங்க, ஆனா அதே ஸ்டேட்மென்ட்டை மட்டும் போடாதீங்க. கல்யாணப் பேச்சுக்கு வீட்டுல ஒரு தேதி சொல்லுங்க, ஏப்ரல் 15 வரைக்கும் டைம் குடுங்கன்னு கேளுங்க. அந்தத் தேதிக்கு அர்த்தம் இருக்கு: உதவித்தொகையோட சீட் குடுத்த யூனிவர்சிட்டிங்க பெரும்பாலும் ஏப்ரல் 15க்குள்ள பதில் சொல்லுன்னு மாணவர்களைக் கேக்கறது வழக்கம், அதுக்கு முன்னாடி நெருக்கக் கூடாதுன்னு அவங்களுக்குள்ள ஒப்பந்தம் இருக்கு. நாலஞ்சு எடத்துல சீட் வாங்குனவங்க கடைசி ரெண்டு நாள்லதான் மத்ததை விடுவாங்க, அப்பதான் வெயிட்டிங் லிஸ்ட் நகரும். எனக்கு ஒரு எடத்துல இல்லன்னுட்டாங்க, இன்னொன்னுல வெயிட்டிங். ஏப்ரல் 14, அங்க சாயந்திரம் அஞ்சரை, இங்க விடியக்காலை மூணு மணி, ஃபோன் வந்துச்சு. அப்பாவை எழுப்புனேன், அவரு என்னமோ ஏதோன்னு பதறி எந்திரிச்சு லைட்டைப் போட்டாரு.